டர்பனிலிருந்து கேப்டவுனுக்குத் தனி ஆளாகக் கார் ஓட்டிப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

விருதுநகரிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மே மாதம் பதிமூன்று நாள் விடுமுறை கிடைத்தது. கூட வருகிறேன் என்று சொன்ன இரண்டு பேரும் கடைசி வாரத்தில் கழன்றுகொண்டார்கள். சரி, தனியாகவே போவோம் என்று ஒரு சின்ன வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாளே பாடம் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்குக் கையில் வந்திருக்க வேண்டிய கார், பதினொன்றரைக்குத்தான் வந்தது. அன்று இரவு ம்தாதாவில் அறை போட்டிருந்தேன். கொக்ஸ்டாட் தாண்டியதும் இருட்டிவிட்டது. நெடுஞ்சாலை நடுவில் மாடுகள் படுத்திருந்தன. எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசி, ஒரு பள்ளத்தில் இடது முன் டயரை இறக்கிவிட்டேன். அங்கே நிறுத்த தைரியம் வரவில்லை. நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, காற்றில்லாத டயரோடு மூன்று கிலோமீட்டர் ஊர்ந்து போய், வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் நிலையத்தில் சேர்ந்தேன். டயரோடு ரிம்மும் போனது. காப்பீட்டில் டயர் கிடையாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள், சுற்றுலா வரும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

1. தூரத்தை விடுங்கள், வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள்

டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையிலேயே போனால் கேப்டவுன் சுமார் 1,700 கிலோமீட்டர். வரைபடச் செயலி பதினெட்டு, இருபது மணி நேரம் என்று காட்டும். அதை நம்பி "மூன்று நாளில் போய்விடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். மாடு, ஆடு, ஊருக்குள் வரும் வேகத்தடை, சந்தை நெரிசல் எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிடுவார்கள், அதற்கு இங்கே ஸ்டாப்-கோ என்று பெயர். ஒவ்வொன்றிலும் பத்து, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு ஸ்டாப்-கோ வந்தால் ஒரு மணி நேரம் காலி.

இரண்டு பேர் போனால் ஒருவர் தூங்கலாம், மற்றவர் ஓட்டலாம். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. நான் இப்போது வைத்திருக்கும் விதி: சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தங்கும் வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் பஞ்சருக்கும் ஸ்டாப்-கோவுக்கும் எழுதி வைத்தது.

இந்த நாடு முழுக்க ஒரே நேர மண்டலம், அதனால் கிழக்கில் இருக்கும் டர்பனில் சீக்கிரம் இருட்டும். ஜூன் மாதம் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், கேப்டவுனில் ஐந்தே முக்கால் ஆகும். டிசம்பரில் டர்பனில் ஏழு மணிவரை வெளிச்சம், கேப்டவுனில் எட்டுவரை. ஆக, குளிர்காலத்தில் கிழக்குப் பகுதியைக் கடக்கும் நாட்களில் மதியம் மூன்று மணிக்கு ஓட்டத்தை முடிக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பினால்தான் இது நடக்கும்.

2. எப்போது போவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பள்ளி விடுமுறை. கடலோரச் சுற்றுலா ஊரான நைஸ்னா பக்கம் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. ஈஸ்டர் வாரத்தில் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்-3 சாலையில் கார்கள் ஊர்ந்து போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேப்டவுனில் மழைக்காலம். டேபிள் மவுன்டன் கேபிள் கார் காற்றடித்தாலே நின்றுவிடும், குளிர்காலத்தில் ஒரு வாரம் போலப் பராமரிப்புக்காகவும் மூடுவார்கள்.

திரும்பும்போது என்-3 வழியாக வருவதாக இருந்தால் பனியையும் யோசியுங்கள். 2024 செப்டம்பரில், வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், ஹாரிஸ்மித், வான் ரீனன்ஸ் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி நெடுஞ்சாலையே மூடப்பட்டது. இரவு முழுக்க மக்கள் காருக்குள் கிடந்தார்கள். மலைப் பகுதியைக் கடக்கும் நாளில் காரில் ஒரு போர்வையும் இரண்டு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும்.

3. காகிதங்கள்

ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வருபவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் முப்பது நாளாவது அது செல்லுபடியாக வேண்டும். பயணத் திட்டம் கேட்பார்கள், "சாலை வழியாகச் சுற்றுகிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல் என்று பட்டியலாகக் கொடுங்கள். பிறகு ரத்துசெய்யக்கூடிய அறைகளாகப் பார்த்து முன்பதிவு செய்தால் பணம் மாட்டாது. வரும் வழியில் கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் தங்குவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று அவசியம்.

ஒரு பொறி: லெசோத்தோ பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு எட்டு எட்டிப் பார்ப்போம் என்று தோன்றும். ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் லெசோத்தோ போனால் திரும்பி உள்ளே வர முடியாது. பலமுறை நுழைவு விசா வேண்டும், லெசோத்தோவுக்குத் தனி விசா வேண்டும், கார் நிறுவனத்திடம் எல்லை தாண்டும் அனுமதிக் கடிதமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எஸ்வதினிக்கும் இதே கதை. முதல் பயணத்தில் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். வெளிநாட்டு உரிமம் இங்கே செல்லும். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும், கையில் அசல் அட்டை இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் காட்டிப் பழகிவிட்டோம் இல்லையா? இங்கே கைபேசியை நீட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி அட்டையை மேலூர் வீட்டுப் பீரோவிலேயே விட்டுவிட்டு வந்து, அம்மா கூரியரில் அனுப்பும்வரை பஸ்ஸில்தான் போனான்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டணம் ஆயிரம் ரூபாய், ஒரு வருடம் செல்லும். சில கார் நிறுவனங்கள் கேட்பதே இல்லை, சில அது இல்லாமல் சாவியைத் தராது. இங்கே வந்த பிறகு உள்ளூர் வாகனச் சங்கத்தில் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், அவர்கள் தென்னாப்பிரிக்க உரிமம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தருவார்கள்.

கடவுச்சீட்டு, விசா, உரிமம் மூன்றையும் நகலெடுத்துப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் இலவசமாக முத்திரை போட்டுச் சான்றளித்துத் தருவார்கள். ஒரு தொகுப்பு பெட்டியில், ஒன்று கைப்பையில்.

4. கார் எடுப்பது: நான் அதிகம் பட்ட இடம்

என்னுடைய நாலரை மணி நேரம் எதில் போனது தெரியுமா? என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. முன்பதிவுக்கு அதே கார்டில்தான் பணம் கட்டியிருந்தேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சாவி வாங்கும்போது முன்வைப்புத் தொகையைப் பிடித்துவைக்க கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்றார்கள். அதுவும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். நண்பரின் கார்டு ஆகாது. கடைசியில் வேறொரு நிறுவனத்தில், டெபிட் கார்டுக்கும் சம்மதித்து, கூடுதல் முன்வைப்பு வாங்கிக்கொண்டு ஒரு கார் தந்தார்கள். ஒப்பந்தத்தைப் படிக்கப் பொறுமை இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். டயர் கதைக்கு விதை போட்டது அங்கேதான்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் கேட்க வேண்டியவை:

கிலோமீட்டர் வரம்பு. நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் என்று மலிவாக ஒரு விலை இருக்கும். நமக்கு வரம்பில்லாததுதான் வேண்டும்.

நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. விபத்து நடந்தால் குறிப்பிட்ட தொகைவரை உங்கள் தலையில். நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இந்தப் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். தனி ஆளாகப் போகும்போது இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டயரும் கண்ணாடியும். பெரும்பாலும் இவற்றுக்குத் தனிக் காப்பீடு. காரின் அடிப்பாகம் எதிலும் சேராது. மண் சாலையில் போய் அடிவாங்கினால் முழுப் பணமும் நீங்கள்தான்.

வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து. நீங்களாகவே பள்ளத்தில் விட்டாலோ மாட்டின்மேல் மோதினாலோ உங்கள் பங்கு இரட்டிப்பாகும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். இந்தப் பாதையில் நடக்க வாய்ப்புள்ள விபத்தே அதுதான்.

வேறு ஊரில் ஒப்படைக்கும் கட்டணம். டர்பனில் எடுத்துக் கேப்டவுனில் விட்டால் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். இதைப் பற்றிக் கடைசியில் இன்னொரு வார்த்தை சொல்கிறேன்.

வயது. இருபத்து மூன்றுக்குக் கீழே இருந்தால் கூடுதல் கட்டணமோ மறுப்போ வரலாம்.

காரை வாங்கியதும் ஸ்டெப்னியைக் கண்ணால் பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா, நட்டுக் கழற்றும் சாவி இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? காரை ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுங்கள், நான்கு ரிம்களையும் குனிந்து எடுங்கள். எடுத்த கையோடு அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறை. தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது, ஆனால் புது வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் விடமாட்டார். வாடகைக் கார் என்று சொல்லியும் கேட்கவில்லை. "கார் யாருதுன்னா என்ன, உள்ளே போறது நீதானே" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, டேஷ்போர்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார். குங்குமக் கறை போகாமல் திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவுக் கட்டணம் போட்டார்கள். எலுமிச்சம்பழத்துக்குச் சம்மதியுங்கள், குங்குமத்தை உங்கள் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. நாள்வாரியாக ஓட்டம்

இது நான் போன விதம் அல்ல, மறுபடி போனால் போகும் விதம்.

முதல் நாள் டர்பனிலிருந்து கொக்ஸ்டாட் மட்டும், சுமார் 240 கிலோமீட்டர். போர்ட் ஷெப்ஸ்டனில் கடலை விட்டு உள்ளே திரும்பும். இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். கார் கையில் வரத் தாமதமானாலும் பதற வேண்டாம் என்பதற்காகத்தான்.

இரண்டாம் நாள்தான் கஷ்டமான நாள். கொக்ஸ்டாடிலிருந்து ம்தாதா வழியாக ஈஸ்ட் லண்டன், 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் மவுன்ட் ஃப்ரியர், கும்பு, இடுட்யுவா, பட்டர்வொர்த் என்று ஒவ்வொரு ஊரிலும் நெடுஞ்சாலையே கடைத்தெரு. ம்தாதாவில் மண்டேலா அருங்காட்சியகம் பார்க்க ஆசை இருந்தால் ஒரு இரவு அங்கே தங்குங்கள், அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். பட்டர்வொர்த்துக்குப் பிறகு கெய் ஆற்றுக்கு இறங்கி ஏறும் வளைவுகள் உண்டு, லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக வாருங்கள்.

மூன்றாம் நாள் மக்கண்டா வழியாக கெபெர்ஹா, 300 கிலோமீட்டர். பலகைகளில் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் கலந்து வரும். கெபெர்ஹாதான் போர்ட் எலிசபெத், மக்கண்டாதான் கிரஹாம்ஸ்டவுன், க்கோன்ஸ்தான் கிங் வில்லியம்ஸ் டவுன். மக்கண்டா பக்கம் அந்தி நேரத்தில் குடு மான் சாலையில் குதிக்கும். மாட்டைவிட உயரமான மிருகம், கண்ணாடியோடு உள்ளே வந்துவிடும். பக்கத்திலேயே ஆடோ யானைப் பூங்கா, ஒரு முழு நாள் கொடுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு என்பதைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கெபெர்ஹாவில் மலபார் என்று ஒரு பகுதியே இருக்கிறது, இனஒதுக்கல் ஆட்சிக் காலத்திலிருந்து நம் ஆட்கள் வாழும் இடம். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்களைத் தேடாதீர்கள்.

அடுத்து ஸ்டார்ம்ஸ் ரிவர், ப்ளூக்ரான்ஸ் பாலம், நைஸ்னா. சாலை நன்றாக இருக்கும், இரண்டு பக்கமும் காடு. இங்கே வேகமாகப் போவது பாவம், இரண்டு இரவு தங்குங்கள். ப்ளூக்ரான்ஸில் 216 மீட்டர் உயரத்திலிருந்து கயிற்றில் குதிக்கலாம். நான் குதிக்கவில்லை, குதித்தவர்களை வேடிக்கை பார்த்தேன், அதுவே வயிற்றைப் பிசைந்தது.

நைஸ்னாவிலிருந்து கேப்டவுன் 490 கிலோமீட்டர், நல்ல சாலை. ஒரே நாளில் போகலாம். தனி ஆள் ஒரே நாளில் ஓட்டுவதற்கு என் உச்ச வரம்பு இதுதான்.

தங்குமிடம் தேடும்போது ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கார் பூட்டிய வாசலுக்குள் நிற்குமா? "தெருவில் நிறுத்தலாம், பாதுகாப்பான இடம்தான்" என்று பதில் வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். நான் தங்கிய வீடுகளில் பாதிப் பேர், நேரம் தவறினால் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

6. சாலைப் பழக்கங்கள்

இடது பக்க ஓட்டம், வலது பக்க ஸ்டீயரிங், நம் ஊர் போலத்தான். அந்த ஒற்றுமையில் ஏமாறாதீர்கள், மற்றதெல்லாம் வேறு.

நான்கு பக்கமும் நிறுத்தக்கோடு உள்ள சந்திப்பில் யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். ஹாரன் அடித்து நுழைவது இங்கே கிடையாது. மின்சாரம் போய் சிக்னல் அணைந்துவிட்டால் அங்கேயும் இதே விதி. சிக்னலுக்கு இங்கே ரோபோட் என்று பெயர். "மூன்றாவது ரோபோட்டில் இடது பக்கம்" என்று யாராவது வழி சொன்னால் இயந்திர மனிதனைத் தேடாதீர்கள். காராஜ் என்றால் பெட்ரோல் பங்க். பேக்கி என்றால் பின்னால் திறந்த சின்ன லாரி வண்டி.

வேக வரம்பு ஊருக்குள் 60, வெளிச்சாலையில் 100, பெரிய நெடுஞ்சாலையில் 120. பலகை வேறு சொன்னால் அதுதான் சரி. கரூ பாலைநிலப் பகுதியில் இரண்டு இடத்துக்கு நடுவே சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு. கேமரா முன்னால் மட்டும் பிரேக் போடும் தந்திரம் அங்கே செல்லாது.

மெதுவாகப் போகும் லாரி இடது ஓரத்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி வழிவிடும். தாண்டியதும் நான்கு விளக்கையும் இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்ல வேண்டும், அவர் முன்விளக்கை ஒருமுறை அடித்துப் பதில் சொல்வார். பின்னால் வருபவர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீங்கள் ஒதுங்க வேண்டாம். வளைவிலும் மேட்டிலும் அந்த ஓரத்தில் ஆட்கள் நடந்து வருவார்கள், பழுதான வண்டி நிற்கும்.

போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி முதலில் வணக்கம் சொல்லுங்கள். ஹோசா பகுதியில் "மோலோ", ஜுலு பகுதியில் "சௌபோனா". நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்குப் போவது இங்கே மரியாதைக் குறைவு, இது காராஜிலும் கடையிலும்கூடப் பொருந்தும். யாராவது "கூல்ட்ரிங்க் வாங்கிக் கொடுங்களேன்" என்று இழுத்தால் அது தாகத்துக்கு அல்ல. அபராதச் சீட்டை எழுதித் தாருங்கள் என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ஆளில்லாத இடத்தில் நீல விளக்கு வண்டி நிறுத்தச் சொல்லிச் சந்தேகம் வந்தால், விளக்குகளை மினுக்கவிட்டு மெதுவாகப் பக்கத்துக் காவல் நிலையம்வரை ஓட்டுவது வழக்கம்.

7. எங்கே நிறுத்துவது, எங்கே கூடாது

சாலையோரம் கல்மேசை போட்டு மரநிழலோடு அழகான ஓய்விடங்கள் வரும். தனியாக இருக்கும்போது அங்கே நிறுத்தாதீர்கள். படம் எடுக்க, கைபேசி பேச, கழிப்பறைக்கு எல்லாவற்றுக்கும் பெரிய காராஜ்தான். பெட்ரோலை ஊழியர்களே போடுவார்கள், கண்ணாடி துடைத்து டயருக்குக் காற்றும் பார்ப்பார்கள். ஐந்து, பத்து ரான்டு கொடுப்பது வழக்கம். அரை டேங்க் வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

நகரத்துக்குள் பக்கத்து இருக்கையில் எதுவும் இருக்கக் கூடாது, பை டிக்கியில். அதையும் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ரிமோட்டில் பூட்டியதும் கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள், சிக்னலைத் தடுத்துப் பூட்டவிடாமல் செய்யும் திருடர்கள் உண்டு. ஏ.டி.எம்.மில் யார் உதவிக்கு வந்தாலும் கார்டை எடுத்துக்கொண்டு நகருங்கள்.

கைபேசியில் போட்டு வைக்க வேண்டிய எண்கள்: எந்த அவசரத்துக்கும் 112, காவல் 10111, ஆம்புலன்ஸ் 10177, அத்தோடு கார் நிறுவனத்தின் இரவு எண். கொக்ஸ்டாடுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவே சில இடத்தில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிம் கார்டு வாங்கக் கடவுச்சீட்டும் தங்கும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். கிளம்பும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி. மாலை ஆறு மணிவரை வரவில்லை என்றால் முதலில் தங்குமிடத்துக்குக் கூப்பிட வேண்டும், பிறகு காவல்துறைக்கு. அம்மாவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள், ஊரில் அப்போது ஒன்பதரை மணி, சிக்னல் இல்லாத அரை மணி நேரத்தில் தெருவையே கூட்டிவிடுவார்.

8. சாப்பாடு

இங்கே வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவுக்கு பாட்கொஸ் என்று ஆப்பிரிக்கான்ஸில் ஒரு சொல் இருக்கிறது. நம் கட்டுச்சோறு. முதல் இரண்டு நாளைக்குப் புளியோதரை, உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய டர்பன் ரொட்டி. சைவமாக இருப்பவர்களுக்குக் கரூவில் கஷ்டம், ஆட்டிறைச்சியும் உப்பிட்டுக் காயவைத்த பில்டாங்கும்தான் எங்கும். சைவம் என்று சொன்னால் கோழி கொண்டுவந்து வைத்த கடையும் உண்டு. ஒரு சின்ன மின்கெண்டியும் ஊறுகாய்ப் பாட்டிலும் என்னைக் காப்பாற்றின.

9. என் செலவுக் கணக்கு

பதிமூன்று நாள், போக வர, சுற்றியது எல்லாம் சேர்த்து 4,000 கிலோமீட்டர். நான் போனபோது ஒரு ரான்டு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து ரூபாய்.

கார் வாடகை 5,850 ரான்டு. பெட்ரோல் 260 லிட்டர், 5,700 ரான்டு. பன்னிரண்டு இரவுத் தங்கல் 8,400. சுங்கம் 500க்குள். சாப்பாடு 2,600. நுழைவுச் சீட்டுகள் 2,500. டயரும் ரிம்மும் 2,100. மொத்தம் 27,650 ரான்டு. நாளுக்கு நூறு ரான்டு கூடுதலாகக் கொடுத்து டயர் சேர்ந்த காப்பீடு எடுத்திருந்தால் 1,300தான் ஆகியிருக்கும்.

பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் செவ்வாய் இரவே நிரப்பிவிடுங்கள், வரிசை இருக்கும். சுங்கச்சாவடியில் வெளிநாட்டு கார்டு எடுக்காமல் போகலாம், எப்போதும் 200 ரான்டு சில்லறையாகக் கையில் இருக்கட்டும். முன்வைப்புத் தொகை இந்தக் கணக்கில் இல்லை. எனக்கு அது திரும்பி வர பதினாறு நாள் ஆனது, அந்த மாத வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

10. திரும்புவதும் ஒப்படைப்பதும்

நான் என்-1 வழியாகத் திரும்பினேன். யூகனோ சுரங்கம், போஃபர்ட் வெஸ்டில் ஒரு இரவு, புளூம்ஃபொன்டைனில் ஒரு இரவு, அப்புறம் வின்பர்க்கில் திரும்பி என்-5, ஹாரிஸ்மித், என்-3. மூன்று நாள், 1,600 கிலோமீட்டர். கரூவின் நேர்க்கோட்டுச் சாலை முதல் ஒரு மணி நேரம் பிரமிப்பு, அதன்பிறகு கண் திறந்திருக்கும்போதே மூளை தூங்கிவிடும். என்-5இல் பள்ளங்கள் வேறு. பேச்சுத்துணை இல்லாமல் இதை ஓட்டுவது வீண் வீரம் என்பதுதான் என் முடிவு. காரைக் கேப்டவுனில் விட்டுவிட்டு விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் டர்பன். ஒப்படைப்புக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் ஒரு பக்கம் எழுதுங்கள். மூன்று நாள் வாடகை, பெட்ரோல், இரண்டு இரவு அறையை மறுபக்கம் எழுதுங்கள். பெரிய வித்தியாசம் வராது.

ஒப்படைக்கும்போது டேங்கை நிரப்பி அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் கொடுங்கள், ஊழியர் காரைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே நகருங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினால் மறுநாள் ஒரு கீறல் முளைக்கும். வேக அபராதம் மூன்று மாதம் கழித்துக்கூட வரும், அதை உங்களுக்கு அனுப்பி வைப்பதற்கென்று கார் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். எனக்கு ஆகஸ்டில் வந்தது: 120 இடத்தில் 131. எங்கே என்று பார்த்தேன், கரூவில், அந்தத் தூக்கச் சாலையில்தான்.